கனலோரம் இரண்டு கொட்டைகள்

ஹேசல் கொட்டையைக் காதோரம் பிடித்து இருமுறை குலுக்குகிறாள் டெர்வ்லா ஹெஹிர். பருப்பு ஓட்டில் மோதிக் கலகலத்தால் வலப்பக்கத் தட்டு, சத்தமில்லையென்றால் இடப்பக்கம். உலர்ந்தது நெருப்பில் அமைதியாகக் கனலும். ஈரமானது சூடேறியதும் துள்ளும்.

வயது ஐம்பத்திரண்டு. அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில், ஒரு பள்ளிக்கூடத்தின் சமையற்காரி, தனிக்கட்டை. அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி மாலையில், கல்யாண நினைப்புள்ளவர்கள் அவள் வீட்டு அடுப்பைச் சுற்றி அமர்வார்கள். மாப்பிள்ளை பெயரில் ஒரு கொட்டை, பெண் பெயரில் ஒன்று. இரண்டும் சேர்ந்து எரிந்தால் கல்யாணம். ஒன்று துள்ளினால் அத்தோடு சரி. பத்தொன்பது ஆண்டுகளில் சேர்ந்து எரிந்தவை பதினான்கு இணைகள். துள்ளிப் பிரிந்தவை ஒன்பது.

எந்த இணைக்கு எந்தத் தட்டு என்பதை டெர்வ்லா முன்னரே முடிவு செய்துவிடுகிறாள் என்பது மட்டும் எவருக்கும் தெரியாது. குடிகாரனுக்கு எப்போதும் இடப்பக்கம். எப்படிப் பலிக்கிறது என்று கேட்டால், "நான் என்னத்தக் கண்டேன்? நம்ம பழங்கதையில, ஊத்துல விழுந்த ஹேசல் கொட்டையத் தின்னு மீனுக்கே ஞானம் வந்துச்சாம். மரத்துக்குத் தெரியாதா?" என்பாள்.

கோல்மன் லினன் கற்சுவர் அடுக்குபவர், மனைவியை இழந்தவர். எட்டு மாதங்களாக ஞாயிறுதோறும் தேநீருக்கு வந்து, வானிலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவார். அவர் வாய் திறக்கட்டும் என்று டெர்வ்லா காத்திருந்தாள். இவ்வாண்டு திறந்தார், எல்லோர் முன்னிலையிலும்.

"காலையில மழையில நனைஞ்சு நானே பொறுக்கினேன், டெர்வ்லா. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. துள்ளிச்சுன்னா இந்தப் பேச்சையே இனி எடுக்கமாட்டேன்."

வாங்கிக் காதோரம் குலுக்கினாள். ஒன்று கலகலத்தது. அவருடையது ஊமையாக இருந்தது. 'இது ஆகாது, வேறு தருகிறேன்' என்றால் பத்தொன்பது ஆண்டு ரகசியமும் அம்பலமாகிவிடும்.

"என்னக்கா, முழிக்கிற?" அவளால் இணைந்த பதினான்கில் ஒருத்தியான பிரீட் சிரித்தாள். "எங்களை எல்லாம் வேர்க்க வெச்சியே, இப்ப நீ வேர்த்துக் கொட்டு!"

கொட்டைகள் கனலோரம் அமர்ந்தன. டெர்வ்லாவினுடையது மெல்லச் சிவந்தது. கோல்மனுடையது படாரென்று துள்ளித் தரையில் உருண்டது.

சிரிப்பு நின்றது. கோல்மன் தொப்பியைத் தேடி எடுத்தார். "சரிம்மா. மரம் சொல்லிடுச்சு."

"மரம் கெடக்குது, உக்காருங்க."

டெர்வ்லா குனிந்து அந்தக் கொட்டையை வெறும் விரலால் எடுத்தாள். சுட்டது, விடவில்லை. தன்னுடையதை ஒட்டி மறுபடியும் கனலில் வைத்தாள். பிறகு, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, இரும்புக் கரண்டியை எடுத்து அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.