வாசலுக்கு வெளியே நின்ற வரிசை

மக்களே, அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் "டோக்கன் கொடுக்கிற வேலை" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரிப்பீர்கள். சிரிக்கிற வேலைதான். ஆனால் அந்தச் சின்னத் தாளை வைத்து நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அது நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பத்தாம் கிளாஸ் படித்தவன் அறிவுக்கு எட்டிய மட்டும் எழுதுகிறேன்.

மலையாள நாட்டில் இருக்கிற எங்கள் சுகாதார நிலையத்தில் ஒரே டாக்டர்தான். காலை ஏழு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள்; உச்சி வரைக்கும் கூட்டம் குறையாது. டாக்டரம்மா சாயா குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார். அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் நோயாளிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று ஒரு வாரம் பார்ப்பார்களாம். எங்களிடத்துக்கு வந்தது வலியசாலை அக்கிரகாரத்தில் வளர்ந்த ஒரு பெண். அவள் பேசுகிற தமிழ் நம் தமிழ் மாதிரி இராது.

"அண்ணா, டோக்கன் குடுக்கறச்சே அதுலயே மணி எழுதிடுங்கோ. டாக்டர்ட்ட போற மணியை நான் எழுதிக்கறேன். அவ்வளவுதான்" என்றாள்.

எனக்கு என்னவோ அது இன்ஸ்பெக்‌ஷன் என்றே பட்டது. நான் படித்த பள்ளியில் இன்ஸ்பெக்டர் வருகிற அன்று கணக்கு தெரியாதவனைக் கடைசி பெஞ்சில் மறைத்து உட்காரவைப்பார்கள். அப்படி மறைக்கப்பட்டவன் நான்தான். நேரம் நீண்டால் டாக்டரம்மாவுக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று பயந்தேன்.

அதனால் அந்த வாரம் முழுக்க கேட்டைச் சாத்தியே வைத்தேன். உள்ளே இடம் காலியாகக் காலியாக ஐந்தைந்து பேராக விட்டு, அப்போதுதான் டோக்கன் கொடுத்தேன். மற்றவர்கள் வெளியே தார்ப்பாய் நிழலில் நின்றார்கள். அந்தப் பெண் டாக்டரம்மாவோடு பின்வாசல் வழியாக வந்து அறைப் பக்கமே உட்கார்ந்திருந்ததால் அது அவள் கண்ணில் படவில்லை. மணியை நான் மாற்றி எழுதவில்லை. கொடுத்த நேரம்தான் எழுதினேன்.

மீன் விற்கிற ஒரு அக்கா, சுகர் பார்க்க வெறும் வயிற்றோடு வந்தவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏ தம்பி, இது என்ன கல்யாண மண்டபமா? முகூர்த்தத்துக்குத்தான் தெறப்பியா?"

"ஒரு வாரம் பொறுத்துக்கிடுங்கக்கா. நம்ம டாக்டரம்மைக்கு நல்லதுக்காக்கும்."

"அப்போ வெளிய நிக்கது நிப்பு இல்லியோ? எனக்க காலு என்ன பொய்யா சொல்லுது?"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சில மாதம் கழித்து டாக்டரம்மா ஒரு மீட்டிங் போய்விட்டு வந்தார். மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "சேட்டா, கேட்டோ? காத்திருப்பு கூடுதல் உள்ள எடத்துக்கெல்லாம் ரெண்டாவது டாக்டர் கொடுக்குது. நமக்கு இல்ல. இங்க ஆளுக சீக்கிரம் போகுதாம்!" சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். வெளியே அறுபது பேராவது இருந்திருப்பார்கள். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

சாயங்காலம் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க பொய் எழுதலையே அண்ணா. நாங்கதான் டோக்கன்லேர்ந்து எண்ணினோம். வாசலுக்கு வெளியில எட்டிப் பாக்கலை."

"அப்போ நமக்கு ரெண்டாவது டாக்டர் கிடைக்காமப் போனது என்னாலயா, உங்களாலயா?"

"தெரியலை அண்ணா. எங்க ரிப்போர்ட்டை மட்டும் வெச்சு மேல இருக்கறவா முடிவு பண்றதில்லை. நடந்ததை எழுதிக் குடுங்கோ, நான் மேல குடுக்கறேன். ஆனா ஒண்ணு. திரும்பப் பாத்தா, வேற எடத்துக்குக் குடுத்த டாக்டரை எடுத்தாலும் எடுப்பா."

அதுதான் மக்களே என்னைப் போட்டுக் குழப்புகிறது. அந்த வேறு இடத்திலும் ஒரு வரிசை நிற்குமில்லையா? டாக்டரம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தானே அவர் தலையில் பாரத்தை ஏற்றினேன்? இப்போது இதைச் சரிசெய்கிறேன் என்று போய் யார் தலையில் ஏற்றப் போகிறேன்?

மறுநாள் மதியம் எல்லோரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து மலையாளத்தில் எழுதினேன். அந்த வாரம் கேட் சாத்தியிருந்தது. ஆட்கள் வெளியே நின்றார்கள். சாத்தியது நான், டாக்டருக்குத் தெரியாது. கடைசியில், "ஆகையால் எங்களுக்கும் ஒரு டாக்டர் வேண்டும்" என்று எழுதினேன். வெட்டினேன். மறுபடி எழுதி, மறுபடி வெட்டினேன். வேறு தாள் எடுக்கவில்லை. வெட்டின வரிகளோடேயே கையெழுத்துப் போட்டு, கவரை ஒட்டி, முக்கில் இருக்கிற தபால் பெட்டியில் போட்டேன்.