பட்டாளச்சாமிக்குத் துப்பாக்கி

உடன்குடிக்குத் தெற்கே, செம்மணல் மேடான தேரி தொடங்குகிற இடத்தில் எங்கள் குடும்பத்துச் சுடலைமாடன் கோவில் இருக்கிறது. மாடனுக்கு வடபக்கம் உடைமரத்தடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பீடம். அதைக் கட்டியவர் என் தாய்மாமா தங்கப்பாண்டி. இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இருந்தவர். திரும்பி வந்த மறுவருடம் விடுப்பில் ஊருக்கு வந்தபோது, தானே செங்கல் சுமந்து கட்டினாராம். யாருக்கு என்று கேட்டவர்களிடம் "அங்கன செத்துப்போன ஒரு ஆத்துமாவுக்கு" என்று சொல்லியிருக்கிறார். கூட இருந்த பட்டாளத்துக்காரன் எவனோ என்று ஊர் எடுத்துக்கொண்டது. மாமா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் அகாலமாய் வெட்டுப்பட்டோ சுடப்பட்டோ செத்தவர்களைச் சும்மா விட்டுவிட மாட்டார்கள். பீடம் போட்டு வருடத்துக்கு ஒரு படையலாவது வைக்க வேண்டும். செத்தவர் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. கொன்றவனுடைய வம்சமே தலைமுறை தலைமுறையாய்ப் படையல் வைத்துக் கும்பிடுகிற சாமிகள் எங்கள் ஊரைச் சுற்றி எத்தனையோ உண்டு.

மாமாவின் பீடத்துக்கு நாளாக நாளாக ஒரு பெயர் வந்துவிட்டது. பட்டாளச்சாமி. ராணுவ ஆளெடுப்புக்குப் போகிற பையன்கள் ஓட்டப் பயிற்சியை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். வேலை கிடைத்தவன் மிலிட்டரி கேண்டீன் ரம் வாங்கி வந்து பீடத்தில் ஊற்றுவான். ஒருவன் சிகரெட்டைப் பற்றவைத்துச் செருகிவிட்டுப் போவான். வருடத்துக்கொரு கோவில் திருவிழாவான கொடைக்கு மாமா வந்தால் முதல் வேலையாகப் பீடத்தைக் கழுவுவார். பச்சரிசிப் பொங்கலும், துண்டில் பொதிந்த ஒரு புதுத்துணியும் வைப்பார். அந்தத் துணியைக் கோவிலில் யாரும் விரித்துப் பார்த்ததில்லை.

பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்தபிறகு தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தனியார் சரக்குக் கிட்டங்கியில் காவல் வேலை பார்த்தார். முத்தையாபுரத்தில் சின்னதாக ஒரு வீடு. அவரும் பேபி அத்தையும்தான். எங்கே எந்த நாட்டில் சண்டை என்றாலும் கிட்டங்கி வாசல் டீக்கடையில் பஞ்சாயத்து, மாமாவிடம்தான் வரும். "ஏ மிலிட்டரி, இன்னொரு நாட்டுச் சண்டைக்குள்ள இவன் போயி நுழைஞ்சது சரியா, தப்பா?" என்பார்கள். "டீ ஆறுது, குடியும்வே" என்பார் மாமா. அவ்வளவுதான் பதில்.

எங்கள் வகையறாவில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அரசியல் அறிவியல். என் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டங்களைப் போட்டுக்கொள்கிறேன் என்றால் அது மாமா கட்டிய பணம். கல்லூரியில் ஒரு பேச்சுப்போட்டி நடந்தது. அடுத்த நாட்டின் உள்நாட்டுப் போரில் படையனுப்புவது நியாயமா என்பதுதான் தலைப்பு. நியாயம்தான் என்று பேசினேன். எழுபத்தொன்றில் கிழக்கு வங்காளத்துக்கு நாம் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். கைதட்டல், முதல் பரிசு. மாமாவிடம் வந்து சொன்னபோது, "பரிசு என்னல குடுத்தாவ?" என்று கேட்டார். கேடயம் என்றேன். "நல்லா இரு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

மாமாவின் ஒரே மகன் சத்தியராஜ் அத்தான். துறைமுகத்துக்குள் கண்டெய்னர் ஏற்றுகிற டிரெய்லர் லாரிகள் சொந்தமாக வைத்திருக்கிறார். அமைதிப்படை திரும்பி வந்து சென்னையில் இறங்கியபோது மாநில அரசின் சார்பில் யாரும் வரவேற்கப் போகவில்லை. அந்த வெறுப்பு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்து, வருடக்கணக்கில் தங்கியிருந்தது. "ஏலே, ஒங்கப்பன் தமிழனச் சுட்டுட்டு வந்தவன்தான" என்று கேட்டவன் மண்டையை அத்தான் சிலேட்டால் பிளந்து, அதற்காகப் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டவர். அப்படிப்பட்டவருக்குப் பட்டாளச்சாமி எப்பேர்ப்பட்ட விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் கொடைக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். பீடத்தின் மேல் சாமிக்கு ஆளுயரச் சிலை வைப்பதாக முடிவு செய்தார். பச்சை உடுப்பு, தொப்பி, பூட்ஸ், கையில் துப்பாக்கி.

செய்தி தெரிந்த அன்று மதியமே மாமா பஸ் ஏறிவிட்டார். நானும் கூடப் போனேன். போய்ச் சேர்ந்தபோது கோவிலில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. சிமெண்டுச் சிலை மார்பு வரை எழும்பி, கை வைக்கிற இடத்தில் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது.

மாமா சிலையை ஒருமுறை பார்த்தார். "துப்பாக்கி வேண்டாம்ல" என்றார் மகனிடம்.

பொருளாளர் மளிகைக்கடை செந்தில்முருகன் சிரித்தார். "பட்டாளச்சாமி கையில துப்பாக்கி இல்லாம பின்ன பனங்கெழங்கையா குடுக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும்தான்.

"அது பட்டாளத்தான் இல்லவே," என்றார் மாமா. "அது ஒரு பொம்பள."

சிரிப்பு நின்றது. சாமி வந்து ஆடுகிற அய்யாக்குட்டித் தாத்தா மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சொல்லு" என்றார்.

மாமா நின்றபடியே சொன்னார். அவர் சிக்னல்காரர். யாழ்ப்பாணத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில், வடநாட்டுப் படைக் கம்பெனி ஒன்றோடு அவரை அனுப்பியிருந்தார்கள். அந்தக் கம்பெனியில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் வயர்லெஸ் வேலை போக, வீடு வீடாய்ச் சோதனை போடும்போது கதவைத் தட்டிக் கூப்பிடுகிற வேலையும் அவருக்கு வந்தது. அன்று காலையில் கண்ணிவெடியில் அவர்களில் சிலர் செத்திருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் விரலைத் துப்பாக்கி விசையிலிருந்து எடுக்காமல் நடந்தார்கள். ஒரு வீடு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினால் சத்தம் இல்லை.

"நான் சொன்னேன், 'நான் தூத்துக்குடிக்காரன்மா, நம்ம ஆளுதான், ஒண்ணும் செய்ய மாட்டாவ, அட்டைய எடுத்துக்கிட்டு வெளிய வாங்க'ன்னு. உள்ள இருந்து ஒரு பொம்பள, 'எந்த ஊர், தம்பி?'ன்னு கேட்டா. இன்னொருக்கா சொன்னேன், தூத்துக்குடின்னு. தாழத் தொறந்தா. எங்கம்மா வயசு இருக்கும். அடையாள அட்டைய இடுப்புல சொருகி வச்சிருந்திருக்கா. எடுக்கக் கைய வச்சா."

 

"சுட்டது நீங்க இல்லல்லா?" என்று கேட்டார் அத்தான்.

"நான் இல்ல. பக்கத்துல நின்னவன். அவனும் சின்னப் பய. பயந்து போயி நின்னான்."

"பின்ன ஒங்க மேல என்னப்பா தப்பு?"

"வெளிய வந்தது என் பேச்சக் கேட்டுல்லா."

செந்தில்முருகனுக்குப் பொறுக்கவில்லை. "மிலிட்டரி, கவர்மெண்டு போகச் சொல்லிச்சு, போனீரு. அதுவும் அவிய கூப்பிட்டுத்தான நம்ம படை போச்சு? எறங்குன அன்னைக்கு மாலை போட்டாவன்னு நீரே சொல்லியிருக்கீரு."

"போட்டாவ. கழுத்து வலிக்கிற அளவுக்குப் போட்டாவ. ரெண்டு கவர்மெண்டும் கையெழுத்துப் போட்டுச்சு. யாரு யாரக் கூப்பிட்டான்னு எனக்குத் தெரியாதுவே. அந்தப் பொம்பள எங்களக் கூப்பிடல. நான்தான் அவளக் கூப்பிட்டேன்."

"இப்படியே பேசுனா எந்த நாட்டுக்கும் எவனும் ஒதவிக்குப் போவ முடியாது."

"ஒதவின்னு சொல்லித்தான் எங்களையும் அனுப்புனாவ."

அத்தான் எழுந்தார். குரல் ஏறவில்லை, ஆனால் முகம் கறுத்திருந்தது. "நான் சின்னதுல வாங்குன பேச்சு எனக்குத்தான் தெரியும். இப்பதான் நாலு பயலுவ ஒங்கள நெனச்சு இங்க வந்து கும்பிடுதானுவ. அதையும் இல்லன்னு ஆக்கணுமாப்பா? இத்தன வருசம் சொல்லாம இருந்தியள, இன்னும் கொஞ்சம் சொல்லாம இருந்தா என்ன?"

"இருந்திருப்பேன். ரம்ம ஊத்துனானுவ, கழுவி விட்டேன். சிகரெட்ட வச்சானுவ, எடுத்துப் போட்டேன். அவ கையில துப்பாக்கியக் குடுக்காதல. அது ஒண்ணுதான் கேக்கேன்."

அய்யாக்குட்டித் தாத்தா தீர்மானமாகச் சொன்னார். "சுடுபட்டுச் செத்தது பொம்பளைன்னா சேலையும் வளையலும்தான் வைக்கணும். துப்பாக்கி வச்சா சாமி நிக்காது."

"நிக்காட்டா போவுது, சிலை நிக்கும்லா," என்றார் செந்தில்முருகன். "வேற நாட்டுப் பொம்பளைக்கு நம்ம கோவில்ல எதுக்குவே பீடம்? பயலுவ வாரானுவ, வரி குடுக்கானுவ, கோவிலு நடக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏலே, படிச்சவன் நீ சொல்லு."

மாமா கேட்பது சரி என்றேன்.

"நீ அப்படித்தான் சொல்லுவ. ஒனக்குப் பீஸ் கட்டுனது அவருல்லா."

கமிட்டியில் கை தூக்கச் சொன்னார்கள். அய்யாக்குட்டித் தாத்தா ஒருவர்தான் மாமா பக்கம். நடந்ததை வெளியே பேசக்கூடாது என்றும் சேர்த்தே முடிவானது. அத்தான் சிலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கொத்தனார் சிமெண்டைக் குழைக்கத் தொடங்கினார்.

படை போகலாம் என்று பேசிப் பரிசு வாங்கியவன் நான். புத்தகத்தில் இருந்த காரணங்கள் எதுவும் பொய்யில்லை. கண்ணெதிரே ஒரு ஜனம் சாகும்போது எல்லைக்கோட்டைக் காட்டிக் கைகட்டி நிற்பது எளிதல்ல என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் இலங்கைக்கு நாம் படை அனுப்பியது தவறு. வேறெங்கே யார் அனுப்பினாலும், முதலில் மாலை விழும், பிறகு கண்ணிவெடி வெடிக்கும், அதற்குப் பிறகு ஒருவன் ஏதோ ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவான். அந்தக் கதவுக்கு உள்ளே இருப்பவளிடம் கேட்காமல் நியாயம் பேசுவதற்கு இனி என்னால் ஆகாது.

ஒரு சாமியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதென்றால் எங்கள் பக்கத்தில் பிடிமண் எடுப்பார்கள். பழைய பீடத்தடியில் ஒரு கைப்பிடி மண். சாமி அதில் வந்துவிடும் என்று நம்பிக்கை. அய்யாக்குட்டித் தாத்தா பீடத்தடியில் மண்ணெடுத்துப் புதுக் கலயத்தில் போட்டு மாமா கையில் கொடுத்தார். "எங்க கொண்டு வைப்ப?" என்று கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. ஊரில் அவருக்கு வேறு நிலமில்லை. சொந்தக்காரர் ஒருவரிடம் அவர் விளைத் தோட்டத்தில் ஒரு மூலை கேட்டுப் பார்த்தோம். "துர்மரணத்த எங்க எடத்துல கொண்டு எறக்காதிய அண்ணாச்சி" என்றுவிட்டார். கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தூத்துக்குடிக்கே திரும்பினோம். திருச்செந்தூர் தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரர் கருப்பட்டியா என்று கேட்டார். மாமா ஆமாம் என்றார்.

பேபி அத்தை வாசலிலேயே தடுத்தாள். "வீட்டுக்குள்ள கொண்டு வராதிய" என்றாள். மாமா வெளியிலேயே நின்று அவளிடமும் சொன்னார். அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அப்போ வருசா வருசம் என்னைய எடுத்துட்டு வரச் சொன்ன சேலையெல்லாம்?"

"அவளுக்குத்தான்."

"கொடை முடிஞ்சு எனக்கே குடுத்தியள."

"வேற யாருக்குக் குடுக்க?"

அத்தை உள்ளே போய்விட்டாள். அன்று அடுப்பு எரியவில்லை. மறுநாள் காலையில் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கு அப்பால் ஓர் இடத்தை அவளே பெருக்கிவிட்டிருந்தாள்.

கொடை நாளில் மாமா ஊருக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. சத்தியராஜ் அத்தானுக்குப் பரிவட்டம் கட்டிய படம் என் போனுக்கு வந்தது. பின்னால் சிலை, புது வண்ணத்தில். மாமா வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கச் சொல்லிக் கையை மட்டும் பார்த்தார். "நல்லாப் பண்ணிருக்கான் கொத்தன்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அய்யாக்குட்டித் தாத்தா அந்தச் சிலைக்கு முன்னால் ஆடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். வேறொருவரை ஆடச் சொன்னார்களாம்.

பின்பக்கம் அடுக்கியிருந்த நாலு செங்கல்லுக்கு முன்னால் மாமா இலையைப் போட்டார். பச்சரிசிப் பொங்கல், வாழைப்பழம், கண்ணாடி வளையல். இந்தத் தடவை சேலை மடிப்புப் பிரித்து வெளியே தெரிந்தது. பச்சைக் கண்டாங்கி. சூடத்தை ஏற்றிவிட்டு அவர் சும்மா நின்றார்.

"படையல் வச்சா பேரச் சொல்லி மும்முற கூப்பிடணும்லா," என்றாள் அத்தை. "அவ பேரு என்ன?"

"தெரியாது."

"அட்டையில இருந்திருக்கும்லா."

"அத வாங்கிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

"பின்ன என்னன்னு கூப்பிடப் போறிய?"

"கூப்பிட மாட்டேன்," என்றார் மாமா. "நான் கூப்பிட்டு அவ ஒருக்கா வந்ததே போதும்."

சூடம் அணைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அத்தையின் கையைப் பிடித்து, படிக்கட்டில் தடுமாறாமல் உள்ளே கூட்டிப்போனார். வெளியே படையலை யாரும் பார்க்காமல் அந்தப் பொம்பளை சாப்பிடட்டும் என்று பின்கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன்.