அழித்தவரைத் திருப்பிக் கொண்டுவரும் அண்ணன்

கேபிள் அண்ணன் என்ற பெயருக்குக் காரணம், அவர் கழுத்தில் எந்நேரமும் தொங்கிய கறுப்பு வயர். டாக்டர் ஸ்டெதஸ்கோப் போட்டுக்கொள்வது மாதிரி. கைக்கணினியில் இருக்கும் தொலைபேசி எண்களையும் நாள்குறிப்பையும் மேசைக் கணினியோடு ஒப்பிட்டு ஒன்றாக்கும் 'சின்க்' மென்பொருள் ஒன்றை அவர் எழுதியிருந்தார். இலவசம். மூல நிரலும் திறந்தே கிடந்தது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், தனியாகப் பிரித்துக்கொண்டும் போகலாம். அப்படி யாராவது வருவார்கள் என்று லீவு போட்டுக்கூடக் காத்திருந்தார்.

எதையும் தொலைக்காது என்பதுதான் அதன் பெருமை. ஒரு பக்கம் அழித்தது மறுபக்கம் இருந்தால், கைதவறி அழித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டித் திரும்ப வைத்துவிடும். மனிதர்களைப் பற்றி அண்ணனுக்கு இருந்த அபிப்பிராயமும் ஏறக்குறைய அதுதான்.

மாட்டிக்கொண்டது தங்கை. வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்பவள். கணவனைப் பிரிந்து அண்ணன் வீட்டு முன்னறையில் இருந்தாள். விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்றே கைக்கணினியில் அவன் எண்ணையும் கல்யாண நாளையும் அழித்தாள். மறுநாள் காலை, நோயாளிகளின் முகவரிகளை ஏற்ற அண்ணன் கழுத்து வயரை வாங்கி அவர் கணினியில் செருகினாள். அவனும் கூடவே ஏறிக்கொண்டான். மறுபடி அழித்தாள். மறுபடி வந்தான். குடித்தனம் நடத்திய காலத்தில்கூட அவன் இவ்வளவு ஒழுங்காக வீடு திரும்பியதில்லை.

ஒரு பெரியவரின் முழங்காலை அவள் மடக்கிப் பிடித்திருந்தபோது, கட்டில் ஓரத்தில் வைத்திருந்த கைக்கணினி கூவியது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "இன்னைக்குக் கல்யாண நாளாம்மா? நீ கிளம்பு, என் கால் எங்க ஓடிடப்போகுது? அவரு காத்துக்கிட்டு இருப்பாரு."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "அண்ணா, அந்த ஆளை எடுத்து விடு."

"மாப்பிள்ளை நம்பரையா? நாளைக்கு நீயே தேடுவ."

"தேட மாட்டேன்."

"கோவத்துல அழிச்சதெல்லாம் கணக்கில்ல. ரெண்டு பக்கமும் ஒண்ணாகணும், அதுக்குத்தானே சின்க்? ஒரு தடவை அவர்கிட்ட பேசிப் பாரேன்."

"நீ மென்பொருளைப் பத்திப் பேசறியா, என்னைப் பத்தியா?"

அண்ணன் வயரைத் தடவிக்கொண்டார். "பிடிக்கலன்னா, நிரல் திறந்துதானே கிடக்கு. நீயே மாத்திக்கோ."

இலவச மென்பொருள்காரர்கள் அடுத்தவர் வாயை அடைக்கச் சொல்லும் வாக்கியம் அது. யாரும் கேட்டு நடப்பதில்லை. தங்கை நடந்தாள். 'நான் அழித்தவர் தினமும் திரும்பி வருகிறார்' என்று மென்பொருளின் மின்னஞ்சல் குழுவில் எழுதினாள். ஆளே இல்லை என்று அண்ணன் நினைத்திருந்த குழுவிலிருந்து பதில்கள் கொட்டின. பழைய முதலாளிகள், பழைய காதலிகள், செத்துப்போனவர்கள் எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் திரும்பிக்கொண்டுதான் இருந்தார்கள். கப்பல் எஞ்சினியர் ஒருவர் திருத்தம் எழுதி அனுப்பினார்: அழித்தால் அழித்ததுதான். கொள்கைக்கு விரோதம் என்று அண்ணன் நிராகரித்தார். எஞ்சினியரும் தங்கையும் அதைத் தனி மென்பொருளாகவே பிரித்து வெளியிட்டார்கள். குழு மொத்தமும் அந்தப் பக்கம் போய்விட்டது.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படிப் பிரிச்ச?"

"பிரிஞ்சு போக யார் சம்மதமும் வேண்டாம்னு மென்பொருள் உரிமத்துல நீதானே எழுதியிருக்க. அருமையா எழுதியிருக்க அண்ணா. கோர்ட்டுல இதுக்கே எனக்கு வருஷக்கணக்காச்சு."

அவர் கண்ணெதிரே, அவர் கணினியிலேயே அதை ஏற்றினாள். வயருக்குக் கை நீட்டினாள், கொடுத்தார். இரண்டு பக்கத்திலிருந்தும் மாப்பிள்ளை போனார். பட்டியலில் அடுத்து நின்றது அண்ணனின் எண். அவள் விரல் அங்கே கொஞ்சம் தங்கியது.

"அவன்கிட்ட பேசிப் பாருன்னு இன்னொரு தடவை சொல்லுவியா?"

எல்லாவற்றுக்கும் பேக்கப் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்த அண்ணன், மூடிக்கொண்டார்.