பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று

மார்வா ஹோல்கம் வாயைத் திறந்தால் மூட மாட்டாள். துப்பாக்கியைத் தூக்கினால் குறி தப்ப மாட்டாள். அமெரிக்காவில், வயோமிங்கின் அந்தச் சின்ன ஊரில் இந்த இரண்டையும் மறுக்க ஆள் கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கவைக்கொம்பு மான் வேட்டை தொடங்கும் வாரம் மட்டும் பிள்ளைகள் வேறு யாரோ சமைத்ததைத் தின்று முகம் சுளிப்பார்கள்.

சேஜ் புதர் மறைவில் வயிற்றால் ஊர்ந்து, சப்பாத்திக்கள்ளி முள்ளெல்லாம் உடம்பில் ஏற, மானுக்குக் கிட்டத்தில் போய்ச் சுடுவது அவள் பழக்கம். போன வருஷம் முழங்கால்கள் பாதி வழியிலேயே மக்கர் பண்ணின. வலி தாங்காமல் அவள் கத்திய கத்தலில் மான் கூட்டமே கண்காணாமல் ஓடிவிட்டது. இனி தூரத்திலிருந்து சுட முடிந்தால்தான் வேட்டை. இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்ன வேண்டியதுதான். பின்னல் என்றாலே அவளுக்கு வேப்பங்காய்.

கணவன் டெல்லின் தம்பி ராய்ஸ், அறுநூறு கஜத்திலிருந்து சுடுகிறவன். இருவர் துப்பாக்கிக்கும் குழல் வாய் ஒரே அளவு. அதனால் அவன் போடுகிற நீளமான, கனத்த குண்டுகளையே மார்வாவும் வாங்கினாள். கனத்த குண்டைக் காற்று அவ்வளவாகத் தள்ளாது, நெடுந்தூரம் போகும் என்பது அவள் கணக்கு.

"உன் பழைய குழலுக்கு இது சேருமான்னு பாத்துக்கலாமே," என்றான் டெல்.

"உள்ள நுழையுதுல்ல? அப்புறம் என்னய்யா?"

வேட்டைக்கு இரண்டு நாள் முன்பு ஊர்க்கோடியில் சுட்டுப் பார்த்தார்கள். நூறு கஜத்தில் வைத்த அட்டையிலேயே பாதிக் குண்டுகள் படவில்லை. பட்டவையும் வட்டமாகத் துளைக்காமல், குறுக்குவாட்டில் புகுந்து நீளமாகக் கிழித்திருந்தன.

ராய்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏம்மா மார்வா, சுட்டியா, கத்திரிக்கோல வீசுனியா?"

"வாய மூடுறா. எல்லாம் காத்து."

"புல்லு கூட அசையல. உன் வாயிலேர்ந்து வந்த காத்தா?"

டெல் துடைப்புக் கம்பியில் துணியை இறுக்கச் சுற்றிக் குழலுக்குள் தள்ளினான். உள்ளே திருகுபோல ஓடும் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு கம்பி மெல்லச் சுழன்றது. முழுச் சுற்று வந்ததும், கம்பி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அளந்தான்.

"பன்னெண்டு அங்குலத்துக்கு ஒரு சுத்து. ராய்ஸோடது எட்டுக்கே ஒண்ணு. நீளக் குண்டு நேராப் போகணும்னா வேகமாச் சுத்தணும். உன் குழல் அவ்வளவு சுத்திவிடாது, அதான் தடுமாறிப் புரளுது. குட்டைக் குண்டுன்னா அம்சமாப் போகும்."

"எவ்வளவு தூரம்?"

"குட்டைக் குண்டு கனம் கம்மி, காத்து தள்ளிடும். இருநூறு கஜம்னு வெச்சுக்கோ."

"அப்ப மறுபடியும் ஊர்ந்துதான் போகணும்."

குழலை மாற்றுவதென்றால் வேட்டைக்காலம் முடிந்து குளிர்காலம் வந்துவிடும். வீடு போய்ச் சேரும்வரை மார்வா ஒரு வார்த்தை பேசவில்லை. டெல்லுக்கு அதுதான் பயமாக இருந்தது.

வேட்டையன்று விடியற்காலையில் அவளை ஒரு புதருக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்காரவைத்தான். பிறகு அவளுக்குப் பின்னால் மல்லாந்து படுத்து, கணுக்காலில் பாத்திரம் துடைக்கும் துணியைக் கட்டிக்கொண்டு, இரண்டு கால்களையும் வானத்தைப் பார்த்து ஆட்டத் தொடங்கினான்.

"யோவ், என்னய்யா பண்ற?"

"உன்னால அதுங்ககிட்டப் போக முடியாதுல்ல, அதுங்க வரட்டும். புரியாத எதைக் கண்டாலும் கிட்ட வந்து வேடிக்கை பாக்குற சாதி அது. நீ சிரிச்சுத் தொலைக்காத, துப்பாக்கி ஆடும்."

சிரிப்பை அடக்க அவள் உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் மேட்டுப் பக்கமிருந்து பெரிய கிடா மான் ஒன்று இறங்கி வந்தது. நின்றது, முன்காலால் தரையைத் தட்டியது, இன்னும் நாலடி வந்தது. நூற்றைம்பது கஜம் இருக்கும். மார்வா குட்டைக் குண்டால் ஒரே ஒரு தடவை சுட்டாள். கிடா அதே இடத்தில் விழுந்தது. அவள் கண்ணில் நீர் முட்டியது. இன்னும் தன்னால் முடிகிறது என்ற சந்தோஷம்.

பக்கவாட்டு மேட்டிலிருந்து ராய்ஸ் மூச்சிரைக்க இறங்கி வந்தான்.

"அது நான் பாத்து வெச்ச கிடா! காத்து அடங்கட்டும்னு இருட்டுலேர்ந்து படுத்துக் கெடக்கேன். திடீர்னு எந்திருச்சு இந்தப் பக்கம் நடந்துருச்சு. அப்படி என்னத்தக் கண்டுச்சு இங்க?"

மார்வா பின்னால் கை காட்டினாள். டெல்லின் கால்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

"அடுத்த வருஷம் நீயும் வா ராய்ஸ்," என்றாள். "உங்க அண்ணனவிட உனக்குக் காலு நீளம்."