கவலை அக்காவின் பதினொரு பிரதிகள்

கவலை அக்கா என்று பெயர் வைத்தது நான்தான். பதினொரு நாடுகளின் கூட்டணித் தலைமையகத்தில் அவள் தட்டச்சர். நான் பக்கத்து மேசை. உலகில் எங்கே குண்டு விழுந்தாலும் பதினொரு பேரும் கூடி, “ஆழ்ந்த கவலை கொள்கிறோம்” என்று அறிக்கை விடுவார்கள். இருபது வருடமாக அதை டைப் செய்கிறவள் அவள். “எனக்கும்தான் ஆயிரம் கவலை இருக்கு, அதுக்கு யாருடா அறிக்கை விடறா?” என்பாள்.

இந்தத் தடவை குண்டு விழுந்த துறைமுகத்தில் அவள் தம்பி மாட்டிக்கொண்டான். கிரேன் மெக்கானிக். ஆட்களை மீட்கக் கப்பல் போக வேண்டுமென்றால் பதினொரு நாடும் சம்மதிக்க வேண்டும். ஒன்று முரண்டு பிடித்தாலும் கிளம்பாது. ஒரு நாடு “கண்டிப்போம்” என்றது. அங்கிருந்து எண்ணெய் வாங்கும் நாடு “வருந்தினால் போதும்” என்றது. மூன்று நாள், நாற்பது வரைவு. அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. வரைவில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதைச் சொன்ன நாட்டின் பெயர் ஓரத்தில் இருக்கும். மற்றவர்கள் வரியைப் படிப்பதில்லை. ஓரத்தைப் பார்த்துவிட்டுக் குறுக்கே கோடு போட்டுவிடுவார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். கப்பல் அனுப்பும் வரியும் அப்படித்தான் மூன்று முறை செத்தது.

மூன்றாம் நாள் மதியம் அக்கா பதினொரு பிரதிகளைத் தனித்தனியாக டைப் செய்தாள். ஒவ்வொன்றிலும் கப்பல் வரிக்கு எதிரே, அந்தப் பிரதி எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டின் பெயர்.

“அக்கா, வேலை போயிடும்!”

“போகட்டும்டா. தம்பி வரட்டும்.”

கூட்டத் தலைவர் கப்பல் வரியை வாசித்தார். பதினொரு பேரும் அவரவர் தாளைப் பார்த்தார்கள். இதை எப்போது சொன்னோம் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் நம்முடையதாயிற்றே, விட்டுக்கொடுக்க முடியுமா? எல்லாரும் தலையாட்டினார்கள். மற்ற வரிகளெல்லாம் கோடு விழுந்து போக, கப்பல் மட்டும் அறிக்கையாக வெளியே வந்தது. மறுநாள் டிவியில் பதினொரு அமைச்சர்களும் “இது எங்கள் யோசனை” என்றார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி போன் செய்தான். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

“கப்பல்ல ஏறிட்டேன்க்கா! அந்த எண்ணெய் வாங்குற நாட்டோட யோசனையாமே? தங்கமான மனுஷங்கக்கா. பார்த்தா நான் நன்றி சொன்னேன்னு சொல்லு.”

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

“சொல்றேன்டா. பதினொரு பேருக்கும் தனித்தனியா டைப் பண்ணியே குடுத்துடறேன்.”