எண்பது பச்சைப் புள்ளிகள்

துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் இருபது வருஷமாக நாற்காலியை விட்டு எழாமல் வேலை பார்த்தவள் நான். நாற்பத்தேழு வயதில் சர்க்கரை எட்டிப் பார்த்ததும் பயந்துபோய், கடற்கரைச் சாலையில் காலை ஐந்தரைக்கு ஓடும் ஒரு குழுவில் சேர்ந்தேன். இருபது பேர் இருந்தோம். தலைவர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அண்ணாச்சி. ஓய்வூதியம் தவிர, ஓய்வு என்று தொடங்கும் எதுவும் அவருக்கு ஆகாது.

“லீவு போடுததுக்கு இது என்ன ஆபீஸா? இன்னைக்குப் படுத்தா நாளைக்கும் படுக்கத்தான் தோணும்,” என்பார்.

ஓட்டம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் பட்டியல் வரும். வந்தவருக்குப் பச்சைப் புள்ளி, வராதவருக்குச் சிவப்பு. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் அண்ணாச்சி வேறு பாதையில் தனியாக ஓடுவதாகச் சொல்வார்; அன்று வந்தவர் பெயரை எங்களில் ஒருவர் குறித்து அவருக்கு அனுப்புவார். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அந்தப் பச்சைக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ஏங்கினோம். காய்ச்சலோடு ஓடிவிட்டு, தெர்மாமீட்டரைப் படமெடுத்துப் போட்ட மேதையும் எங்களில் உண்டு. அதற்கும் கைதட்டினோம்.

விசைப்படகுக்காரர் ஒருவரின் மனைவியும் குழுவில் இருந்தாள். என் வயதுதான், என்னைவிட நன்றாக ஓடுவாள். ஆனால் ஞாயிறும் புதனும் வரமாட்டாள். ஒரு திங்கட்கிழமை அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசைக்குப் போறீக, சரி. புதன்கெழம என்ன பூசை?”

“பூசையெல்லாம் இல்ல அண்ணாச்சி. ரெண்டு மூணு நாளு சேந்தாப்ல ஓடுனா காலு கனக்கு. அதான் விட்டுருதேன். ஞாயித்துக்கெழம எங்க போட்டே கரையிலதான் கெடக்கு, நான் மட்டும் எதுக்கு ஓடணும்?”

“அப்ப நீங்க ஓட வரல. காத்து வாங்க வாரீக.”

எல்லோரும் சிரித்தோம். அது போதாதென்று அன்று மாலை, பட்டியலில் அவளுக்கு நேரே இருந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்து, ‘அம்மை போட்டிருக்கு போல’ என்று குழுவில் எழுதினேன். பதினேழு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வாரமே அவள் குழுவை விட்டுப் போய்விட்டாள்.

அறுபதாவது நாள் வாக்கில் எனக்கு வலது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் வலி கண்டது. அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“வலியத் தாண்டி ஓடணும் தங்கச்சி. ஓட ஓடச் சரியாப் போயிரும்.”

தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஓடினேன். எண்பத்தோராவது நாள் காலையில் கட்டிலை விட்டுக் காலை ஊன்ற முடியவில்லை. அப்போதும் என் முதல் கவலை, இன்று சிவப்பு விழுந்துவிடுமே என்பதுதான். இப்படியும் ஒரு முட்டாள்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மயிரிழை மாதிரி ஒரு விரிசலைக் காட்டினார்.

“நடுவுல லீவே விடலியா?”

“இல்ல டாக்டர்.”

“எலும்பு தன்னைச் சரிபண்ணிக்கிட ஒரு நாளாவது குடுக்கணும்லாம்மா. இனி ஓடுனா ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுங்க. வலி இருந்தா ஓடவே ஓடாதீங்க.”

ஆறு வாரம் காலில் கட்டு. அந்த நாட்களில் ஒரு செவ்வாய்க்கிழமை, சென்னையிலிருந்து வரும் தங்கையை அழைக்க ஆட்டோவில் ரயில் நிலையத்துக்குப் போனேன். வண்டி வர நேரமிருந்தது. எதிரே டீக்கடையில் வேட்டியும் பனியனுமாக அண்ணாச்சி, கையில் ஒரு வடை. என் கைப்பேசியில் பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவர் போட்ட செய்தி இருந்தது: ‘இன்று எட்டு கிலோமீட்டர். ஓய்வு கோழைகளுக்கு.’ கூடவே சூரியோதயப் படம். வானமோ விடிந்ததிலிருந்து மூடிக் கிடந்தது.

நொண்டிக்கொண்டே போய் எதிரில் நின்றேன்.

“அண்ணாச்சி, இன்னைக்கு ஓடலியா?”

வடையை மென்று முடிக்கும்வரை யோசித்தார். “செவ்வாயும் வெள்ளியும் எனக்கு ரெஸ்ட் தங்கச்சி. அறுபது வயசுக்கு மேல உடம்புக்கு வேணும்லா.”

“அப்ப எங்களுக்கு வேண்டாமா?”

“உங்களுக்கெல்லாம் ஒரு நாள் விட்டா வழக்கம் போயிரும். ஒரு பயம் இருக்கணும்லா.”

என் கால்கட்டைப் பார்த்தார். வருத்தமாக ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன். “டீ சாப்பிடுதீகளா?” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் எழுதினேன்: ‘தலைவருக்குச் செவ்வாய், வெள்ளி ஓய்வு நாள். அவரே சொன்னார். எல்லோருக்கும் அதையே கொடுங்கள்.’ ஐந்து நிமிஷத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். மீதிப் பதினேழு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் மட்டும் தனியாக அழைத்து, எலும்பு டாக்டரின் நம்பர் கேட்டார்.

அதன் பிறகுதான் அந்தப் படகுக்காரர் மனைவியின் வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது.

“அம்மைனு எழுதுனேன்லா. தப்புதான்,” என்றேன்.

“தப்புதான். படிச்சிட்டு அன்னைக்குப் பூராவும் அழுதேன்,” என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நான் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, “கட்டு எப்ப பிரிக்காக?” என்று கேட்டாள்.

இப்போது நாங்கள் இருவரும் திங்கள், வியாழன், சனி ஓடுகிறோம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. குழு எதிரே வந்தால் அண்ணாச்சி முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்கிறார். செவ்வாய்க்கிழமைகளில் அவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன்.