பழைய சாமான் எங்கே?

பட்டறையில் வண்டியின் உயரத்தைக் கூட்டியதும் என் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அது அவன் ஓட்டும் பழைய பிக்கப். எங்கள் தெருப் பெண்களை விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு ஏற்றிப்போவது அதுதான். சீசனில் பின்னால் நிற்கக்கூட இடம் இருக்காது. நானும் என் மகளும் அதில்தான் வேலைக்குப் போனோம்.

முன்சக்கரம் ஆட்டம் கண்டு வெகுநாளாகியிருந்தது. ஆனைக்குட்டம் விலக்கு வந்தால் ஸ்டியரிங் அவன் கையை உதறும், அடியில் கடகடவென்று சத்தம் கேட்கும். சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும் பால் ஜாயின்ட் தேய்ந்துவிட்டது, அது கழன்றால் சக்கரம் மடங்கி வண்டி கவிழும் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். இருக்கிற நாளில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே வண்டிச் சாமான் பற்றித்தான், எனக்கும் அப்படித்தான் தெரியும். கடைசியில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து சத்தம் போட்ட பிறகுதான் தம்பி வண்டியைப் பட்டறையில் விட்டான்.

திரும்பி வந்தபோது அது ஒட்டகம் மாதிரி நின்றது. பின்னால் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை, முன்னால் உயரம் கூட்ட இரும்பு முட்டு. மழைக்காலத்தில் கரிசல் பாதையில் அடி தட்டாதாம். நாங்கள் ஏற பிளாஸ்டிக் நாற்காலி போட வேண்டியிருந்தது.

“முன்னாடி சாமான் எல்லாம் மாத்தியாச்சுக்கா,” என்றான்.

“பழைய சாமான் எங்கனலே?”

அவன் முகம் மாறியது. எங்கள் பக்கத்தில் எந்தப் பட்டறையிலும் கழற்றிய சாமானைச் சாக்கில் போட்டு வண்டிக்காரன் கையில் கொடுத்துவிடுவார்கள். மாற்றியதற்கு அதுதான் சாட்சி. என் வீட்டுக்காரர் அதை முற்றத்தில் கொட்டி, தேய்ந்த இடத்தை எனக்குக் காட்டாமல் கை கழுவ மாட்டார்.

“அங்கனயே எடைக்குப் போட்டாச்சு.”

பொய். சின்னதிலிருந்தே பொய் சொல்லும்போது காதைத் தடவுவான், அன்றும் தடவினான். நான் குனிந்து அடியில் பார்த்தேன். உயர்த்தி வைத்ததில் ஒரு நன்மை, அதிகம் குனிய வேண்டியதில்லை. புது முட்டு பெயின்ட் வாசத்தோடு பளபளத்தது. அதன் கீழே அதே பால் ஜாயின்ட், ரப்பர் கிழிந்து, மண்ணும் கிரீஸுமாக அப்பிக் கிடந்தது.

“ஏலே, உசரத்துக்குச் செய்யத் தெரிஞ்சவனுக்கு உசுருக்குச் செய்யத் தெரியலையா?”

“ஒனக்கு என்னக்கா தெரியும் வண்டியப் பத்தி? ஏறுறவுக ஏறுங்க, நேரமாகுது!”

நேரமானால் கம்பெனியில் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஒவ்வொருத்தியாக நாற்காலியில் கால் வைத்து ஏறினார்கள். “விடும்மா” என்று சொல்லிவிட்டு என் மகளும் ஏறினாள். நான் ஏறவில்லை. வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“ஒம் மகளக் கூப்பிடு. முன்சீட்டுல உக்கார வையி. பிறகு நானும் ஏறுறேன்.”

அவன் மகள் காலேஜ் பஸ்ஸுக்காக எதிர்வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். தம்பி அவளைப் பார்த்தான்.

“அவள எதுக்கு இதுல இழுக்குற?” என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது.

வண்டியில் ஏறி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்காலியைக் காலால் துழாவி முதலில் இறங்கியவள் என் மகள். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். அன்று யாருக்கும் வேலையில்லை. அவனை ஏசினார்கள், என்னையும் சேர்த்து ஏசினார்கள். ஏசட்டும்.

மறுநாள் சாயங்காலம் என் வாசலில் ஒரு சாக்கை வீசிவிட்டுப் போனான். மகள் அதற்குள்ளிருந்து பால் ஜாயின்டை எடுத்து லேசாக ஆட்டினாள். உள்ளிருந்த இரும்புக் குண்டு தானாகவே கழன்று அவள் மடியில் விழுந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் அந்த வண்டியில்தான் போகிறோம். அவனோடு மட்டும் நான் பேசுவதில்லை.